விழுப்புரத்துப் பிள்ளைகள் யாரோடு ஆட வேண்டும்?

(திண்டிவனத்தில் கல்லூரி உடற்கல்வி ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி 1968-இல் தொடங்கியது. இங்கே திண்டிவனத்தில் திரு ஆ. கோவிந்தசாமி பெயரைத் தாங்கி நிற்கும் அரசு கலைக் கல்லூரியும் ஏறக்குறைய அதே காலத்தில் வந்ததுதான். இரண்டும் அன்றைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. 2002-இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்ததும், வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் ஆகிய நான்கு மாவட்டக் கல்லூரிகளும் அதன் கீழ் போயின. 2021 பிப்ரவரியில், விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகம் அமைக்கச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் தேதி, அதைச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதாவும் நிறைவேறியது. ஆக, விழுப்புரம் கல்லூரியின் சான்றிதழ்த் தலைப்பில் சென்னை இருந்தது, வேலூர் இருந்தது, கொஞ்ச நாள் விழுப்புரமே வருவதாக இருந்தது, இப்போது சிதம்பரம் இருக்கிறது.

இதில் யார் செய்தது சரி என்று நான் பேச வரவில்லை. பேச வேண்டியவர்கள் சட்டமன்றத்தில் பேசினார்கள், சென்னை வாலாஜா சாலையில் மறியல் செய்தார்கள், வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கையெழுத்து யாருடையது, பட்டத்தில் யார் பெயர், அலுவலகம் எந்த ஊரில் என்றெல்லாம் வாதம் நடந்தது. எல்லாம் நியாயமான வாதங்கள். ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு கேள்வி மட்டும் என் காதில் விழவில்லை. இன்டர் காலேஜ் கபடியில் நம்ம பையன் இனிமேல் யாரோடு ஆடுவான்?

சிரிக்கிறீர்கள். அவ்வளவு பெரிய சட்டப் பிரச்சினையில் கபடிக்கு என்ன இடம் என்று நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

அமெரிக்காவில் இந்தக் கேள்விதான் முதல் கேள்வி. அங்கே பல்கலைக்கழகங்கள் 'கான்ஃபரன்ஸ்' என்ற பெயரில் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து தங்களுக்குள் லீக் ஆடுகின்றன. எந்தக் கூட்டத்தில் யாரைச் சேர்ப்பது, யார் எங்கே தாவுவது என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு நம்ம ஊர்க் கூட்டணிப் பேச்சுவார்த்தை மாதிரி. டீக்கடையில் அதைத்தான் பேசுவார்கள், அங்கே டீக்கடை இருந்தால்.

1896-இல் தொடங்கிய 'பிக் டென்' என்ற கூட்டம் ஒன்று இருக்கிறது. பெயரில் பத்து, கணக்கில் இப்போது பதினெட்டு. 2024 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களும் ஓரிகன், வாஷிங்டன் பல்கலைக்கழகங்களும் அதில் சேர்ந்தன. லாஸ் ஏஞ்சலஸ் மாணவி ஒருத்தி லீக் ஆட்டத்துக்காக நியூ ஜெர்சி வரை போக வேண்டும். சுமார் 4,000 கிலோமீட்டர், ஒரு பக்கம் மட்டும். அட்லாண்டிக் கரையின் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் இன்னொரு கூட்டத்தில், பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் சேர்ந்தன. இவர்கள் எல்லோரும் கிளம்பி வந்த 'பேக் டுவெல்வ்' கூட்டத்தில் பன்னிரண்டில் பத்துப் பேர் போய் இரண்டே பேர் மிஞ்சினார்கள். அப்புறம் அந்த இரண்டு பேரும் அக்கம்பக்கத்தில் ஆள் பிடித்துக் கூட்டத்தை மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள். அது வேறு கதை.

இத்தனை தாவலுக்கும் காரணம் தொலைக்காட்சி. 2022-இல் பிக் டென் மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களோடு ஏழு ஆண்டுக்குப் போட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். அந்தப் பணம் எந்தப் பக்கம் இழுத்ததோ, அந்தப் பக்கம் பல்கலைக்கழகங்கள் போயின. மாணவர்கள் விமானத்தில் தூங்கி விமானத்தில் படித்தார்கள்.

நம்ம பக்கம் கதை நேர் எதிர். அங்கே கூட்டம் பெருக்கிறது, இங்கே பிரிந்துகொண்டே வந்திருக்கிறது. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்லை ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுவதும். 1916-இல் மைசூர், 1926-இல் ஆந்திரா, 1929-இல் அண்ணாமலை, 1937-இல் திருவிதாங்கூர், 1966-இல் மதுரை, 1982-இல் பாரதியாரும் பாரதிதாசனும், 2002-இல் திருவள்ளுவர். ஒவ்வொன்றும் பிரியும்போது ஒரு விளையாட்டுக் கூட்டமும் பிரிந்தது. இதை யாரும் விளையாட்டுக்காகச் செய்யவில்லை. நிர்வாகத்துக்காக, மொழிக்காக, வட்டாரக் கோரிக்கைக்காகச் செய்தார்கள். விளையாட்டு பின்னாலேயே இழுபட்டுப் போனது.

பல்கலைக்கழக இணைப்பு விளையாட்டுக்காரனுக்கு என்ன செய்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பி.டி. சார்களுக்கு இது தெரிந்த கதை, மன்னிக்கவும். ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் தங்களுக்குள் ஆடுவது இன்டர் காலேஜ். அதில் நன்றாக ஆடியவர்களைச் செலக்‌ஷன் வைத்து எடுப்பது யூனிவர்சிட்டி டீம். அந்த அணி தென் மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே கேரளாவும் கர்நாடகமும் ஆந்திராவும் தெலங்கானாவும் நிற்கும். மண்டலத்தில் முன்னால் வருகிறவர்கள் அகில இந்தியப் போட்டிக்குப் போவார்கள். அங்கே தேறினால் 2020-இல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டு வரை வழி இருக்கிறது.

இதில் முக்கியமான படி நடுவில் இருக்கிறது. யூனிவர்சிட்டி ஜெர்சி போட்டு மண்டலப் போட்டிக்குப் போய் வந்தவனுக்கு ஃபார்ம் 3 கிடைக்கும். அஞ்சல் துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க அந்தக் காகிதம் வேண்டும். கல்லூரி அணியில் மூன்று வருஷம் நட்சத்திரமாக ஆடிவிட்டு ஜெர்சி மட்டும் கிடைக்காதவன் கையில் இருப்பது கோப்பையோடு நிற்கும் ஒரு படம்தான். அதை எந்த விண்ணப்பத்திலும் இணைக்க முடியாது.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு கபடி அணி. ஏழு பேர் களத்தில், ஐந்து பேர் வெளியே, மொத்தம் பன்னிரண்டு ஜெர்சி. சென்னைப் பல்கலைக்கழகக் காலத்தில் அந்தப் பன்னிரண்டுக்கு லயோலாவும் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியும் இன்னும் சென்னையில் இருக்கும் பெரிய கல்லூரிகளும் வரிசையில் நிற்கும். தடகளத்தில் ஏ.எல். முதலியார் பெயரில் நடக்கும் போட்டிக்கு நம்ம பையன் ரயிலேறிப் போனால், தினமும் நல்ல ஓடுதளத்தில் ஓடுகிறவனோடு ஓட வேண்டும். லட்சுமணசாமி முதலியார் 27 ஆண்டு துணைவேந்தராக இருந்தவர். அவர் பெயரில் நடக்கும் போட்டியில் ஓடியதே பெருமை என்று சொல்லும் மூத்தவர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. பெருமை சரி. ஜெர்சி எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

திருவள்ளுவர் வந்தபோது நான்கு மாவட்டத்துக்குப் பன்னிரண்டு. சென்னை போட்டியில் இல்லை, ஆகவே வாய்ப்பு கூடியது. ஆனால் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாக வேலூர் 140 கிலோமீட்டருக்குக் குறையாது. செலக்‌ஷன் காலையில் என்றால் முந்தின நாளே கிளம்ப வேண்டும். ஜெயலலிதா பல்கலைக்கழகம் நிலைத்திருந்தால் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மூன்று மாவட்டத்துக்கும் தனியாகப் பன்னிரண்டு ஜெர்சி வந்திருக்கும். இது கட்சிக் கணக்கில்லை, வெறும் கூட்டல் கணக்கு.

அண்ணாமலையோடு சேர்ந்ததில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. சிதம்பரத்தில் மைதானங்கள் இருக்கின்றன, உடற்கல்வித் துறை இருக்கிறது, 1929 முதல் விளையாடிய பழக்கம் இருக்கிறது. ஆனால் அது அதுவரை கல்லூரிகளை இணைக்காத, வளாகத்துக்குள்ளேயே நடத்தும் பல்கலைக்கழகமாக இருந்தது. அதன் ஜெர்சி முழுவதும் வளாகத்து மாணவர்களுக்கே இருந்தது. இப்போது அந்தப் பன்னிரண்டுக்கு வளாகத்துப் பிள்ளைகளும், விழுப்புரமும் கள்ளக்குறிச்சியும் கடலூரும் மயிலாடுதுறையும் சேர்ந்து போட்டி போடுகின்றன. சிதம்பரம் பையனுக்கு இதில் வருத்தம் இருக்கும். அதையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆகச் சின்னக் கூட்டம் என்றால் ஜெர்சி அதிகம், பெரிய கூட்டம் என்றால் எதிராளி பலசாலி. இரண்டில் எது வேண்டும்? சிலர் ஜெர்சிதான் வேண்டும் என்பார்கள், வேலை கிடைக்கிறதே. எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பலவீனமான கூட்டத்தில் ஜெயித்து ஜெர்சி வாங்கிக்கொண்டு தென் மண்டலத்துக்குப் போனால், முதல் நாள் காலையில் கோழிக்கோடு பல்கலைக்கழகமோ மங்களூர் பல்கலைக்கழகமோ எதிரில் நிற்கும். மதியச் சாப்பாட்டுக்குள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஃபார்ம் 3 கிடைக்கும், ஆட்டம் வராது. நல்ல எதிராளியோடு வருஷத்துக்கு ஒரு தடவை இல்லாமல் வாராவாரம் ஆடினவனுக்குத்தான் இரண்டும் வரும்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. யார் பட்டம் கொடுக்கிறார்களோ அவர்களோடுதான் ஆட வேண்டும் என்று நாமாகவே ஒரு வேலி போட்டுக்கொண்டிருக்கிறோம். இணைப்பு என்பது பட்டத்துக்கு. அதை அரசு முடிவு செய்யட்டும், மாற்றட்டும், திரும்ப மாற்றட்டும். வாராவாரம் யாரோடு ஆடுவது என்பதை நாம் முடிவு செய்யலாம். அதற்குச் சட்டமன்றம் வேண்டாம்.

முதலில் நம்ம ஊருக்குள்ளேயே பாருங்கள். விழுப்புரத்தில் அரசு கலைக் கல்லூரி, தெய்வானை அம்மாள் மகளிர் கல்லூரி, எம்.ஜி.ஆர். அரசு மகளிர் கல்லூரி எல்லாம் சிதம்பரத்தின் கீழ். காகுப்பத்தில் இருக்கும் பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். 2017-இல் வந்த அரசு சட்டக் கல்லூரி அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். பி.எட். கல்லூரிகள் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். எல்லாம் 15 கிலோமீட்டர் வட்டத்துக்குள். ஐந்து பல்கலைக்கழகம், ஐந்து இன்டர் காலேஜ். காகுப்பத்துப் பையன் அண்ணா பல்கலைக்கழக மண்டலப் போட்டிக்கு ஒரு திசையில் பஸ் ஏறுகிறான், அரசுக் கல்லூரிப் பையன் சிதம்பரத்துக்கு வேறு திசையில் ஏறுகிறான். பள்ளியில் ஒரே அணியில் ஆடிய இரண்டு பேர் கல்லூரி வந்ததும் மூன்று நான்கு வருஷம் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடுவதே இல்லை. திண்டிவனத்தில் மேல்பாக்கம் பொறியியல் கல்லூரிக்கும் கோவிந்தசாமி கல்லூரிக்கும் இதே நிலைதான்.

அமெரிக்காவிலும் இது நடந்தது. டெக்சஸ் பல்கலைக்கழகமும் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகமும் 1894 முதல் பங்காளிகள். ஏ அண்டு எம் வேறு கூட்டத்துக்குப் போனதால் 2011-க்குப் பிறகு அமெரிக்கக் கால்பந்தில் அவர்கள் மோதவே இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் 200 கிலோமீட்டர்கூட இல்லை. 2024-இல் டெக்சஸும் அதே கூட்டத்தில் வந்து சேர்ந்த பிறகுதான் மறுபடி ஆடினார்கள். பதின்மூன்று வருஷம்! ஒரு தலைமுறை மாணவர்கள் பக்கத்து ஊரோடு ஆடாமலே படித்து முடித்துவிட்டார்கள். அங்கே அது பெரிய செய்தியானது, சட்டமன்றம் வரை பேசினார்கள். நம்ம ஊரில் காகுப்பமும் கலைக் கல்லூரியும் ஆடாதது யாருக்கும் செய்தியே இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. முதலமைச்சர் கோப்பை. 2022-23 முதல் அதில் பள்ளி, கல்லூரி, மாற்றுத்திறனாளி, பொதுமக்கள், அரசு ஊழியர் என்று பிரிவு வைத்து நடத்துகிறார்கள். கல்லூரிப் பிரிவில் மாவட்ட அளவில் யார் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பதில்லை, எந்த மாவட்டம் என்றுதான் கேட்கிறார்கள். மாவட்ட விளையாட்டரங்கில் அந்தச் சில நாள்கள் மருத்துவக் கல்லூரியும் சட்டக் கல்லூரியும் கலைக் கல்லூரியும் ஒன்றாக நிற்கும். அந்தச் சில நாளை மூன்று மாதமாக நீட்ட வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பத்தின் முதல் பாதி. ஆக, நம்ம கூட்டத்தில் முதலில் சேர்க்க வேண்டியது தூரத்துப் பெரிய பல்கலைக்கழகம் எதையும் இல்லை. பக்கத்துத் தெரு பொறியியல் கல்லூரியையும், முண்டியம்பாக்கத்து மருத்துவ மாணவர்களையும்தான். டாக்டர் பிள்ளைகளுக்கு நேரம் இருக்காது என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டுப் பாருங்கள், வருவார்கள்.

இரண்டாம் பாதி: வெளியூரில் யாரை அழைப்பது?

இதற்கு ஒரு வரைபடம் ஏற்கனவே இருக்கிறது. விழுப்புரத்தில் தலைமையகம் வைத்திருக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வரைபடம். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, வேலூர், காஞ்சிபுரம், திருவள்ளூர் எல்லாம் அந்த ஒரு கழகத்தின் கீழ் ஓடுகின்றன. பல்கலைக்கழகச் சட்டங்கள் எழுதியவர்கள் மாவட்டப் பட்டியலைப் பார்த்து எழுதினார்கள். பஸ் விட்டவர்கள் ஜனங்கள் உண்மையில் எங்கே போகிறார்கள் என்று பார்த்து விட்டார்கள். விழுப்புரம் சந்திப்பிலும் அப்படித்தான். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிறது. இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு எதிராளி கிடைக்கவில்லை என்று சொல்லக்கூடாது. திண்டிவனத்துக்கு ரயில் அவ்வளவு வசதி இல்லை. செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு அறிவித்த பாதைக்காக இந்த ஊர் காத்திருந்தே பழகிவிட்டது. ஆனால் பஸ்ஸுக்குக் குறைவில்லை.

நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான். விடிந்த பிறகு கிளம்பி, ஆடி முடித்து, இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடிய வேண்டும்.

இது பையன்களுக்காகச் சொல்வதல்ல. பையன்கள் எப்படியும் போவார்கள், பஸ் ஸ்டாண்டில்கூடப் படுத்துக்கொள்வார்கள். பெண் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இந்த அவையில் இருக்கும் மகளிர் கல்லூரி இயக்குநர்களுக்குத் தெரியும். ஒரு மாணவியின் விளையாட்டு நின்றுபோவது பெரும்பாலும் களத்தில் இல்லை, வீட்டு வாசலில். ராத்திரி தங்கணுமா என்று அப்பா கேட்பார். ஆமாம் என்றால் முடிந்தது. திண்டிவனத்திலிருந்து சிதம்பரம் 100 கிலோமீட்டரைத் தாண்டும். காலை எட்டு மணிக்கு ஆட்டம் என்றால் வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? மயிலத்துக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு அந்த நேரத்தில் பஸ் ஏது? பல்கலைக்கழகப் போட்டிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் எப்படியாவது சமாளிக்கலாம், பி.டி. மேடம் வீட்டுக்கே போய் அம்மாவிடம் பேசுவார். வாராவாரம் அப்படிப் பேச முடியாது. பெண்களுக்குக் கட்டணமில்லாத பயணம் 2021 முதல் இருக்கிறது, ஆனால் அது சாதாரண நகரப் பேருந்தில் மட்டும். ஆகவே நகரப் பேருந்து போகும் தூரத்தில் பாதி ஆட்டங்களையாவது வைத்துவிட்டால், மாணவியர் லீக்கில் அந்த ஆட்டங்களுக்குப் பஸ் செலவே இருக்காது. இதை யாராவது கணக்கில் எடுத்திருக்கிறார்களா?

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வெளியூரில் முதல் இடம் புதுச்சேரிக்கு. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தாகூர் கலைக் கல்லூரி இருக்கிறது, பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது, காலாப்பட்டில் பல்கலைக்கழக வளாகமே இருக்கிறது. கால்பந்தில் அவர்களுக்கு நம்மைவிடப் பழக்கம் அதிகம், கபடியில் நம்ம கை ஓங்கும். இரண்டு பக்கமும் தோற்றுக் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான எதிராளி கிடைப்பது கஷ்டம். ஆனால் அது 1985-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம், அதன் எல்லை யூனியன் பிரதேசங்களோடு நின்றுவிடுகிறது. கேரளக் கரையில் இருக்கும் மாஹேயும் கோதாவரிக் கரையில் இருக்கும் ஏனாமும் அதற்குச் சொந்தம். புதுச்சேரியை ஒட்டி நம்ம மாவட்டத்தில் இருக்கும் கோட்டக்குப்பம் சொந்தமில்லை. கோட்டக்குப்பத்திலிருந்து காலாப்பட்டுக்குச் சைக்கிளில் போய்விடலாம். அமெரிக்கக்காரன் கரை விட்டுக் கரை தாவியதைப் பார்த்துச் சிரித்தோமே, நாம் அதைப் பல வருஷமாக அமைதியாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

அடுத்தது திருவண்ணாமலை. அங்கே கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரி திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. 2021 வரை நம்ம கூட்டாளிகள், இருபது வருஷம் ஒருவரோடு ஒருவர் ஆடியவர்கள். ஒரு சட்டத் திருத்தம் வந்ததும் அந்தப் பழக்கம் அறுந்துபோனது. விழுப்புரத்திலிருந்து 60 கிலோமீட்டர் சுமார், திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாக அதைவிடக் கொஞ்சம் கூட. அவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டும். பௌர்ணமி நாளைத் தவிர்த்துவிட்டு, ஏனென்றால் அன்றைக்குக் கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. திண்டிவனம் கல்லூரிக்கு வந்தவாசி வழியாகச் செய்யாறு அரசு கலைக் கல்லூரியும் தோதாக இருக்கும்.

கடலூர் ஏற்கனவே நம்மோடு இருக்கிறது. பெரியார் கலைக் கல்லூரி, கந்தசாமி நாயுடு மகளிர் கல்லூரி, புனித வளனார் கல்லூரி. அவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, கபடியில் தென்னாற்காட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சிதம்பரம் வளாக அணியையும் கூப்பிடத்தான் வேண்டும். தலைமையிடம் என்ற மரியாதைக்காக மட்டும் இல்லை, செலக்‌ஷனில் நம்ம பையன் அவர்களோடுதான் மல்லுக்கட்டப் போகிறான், முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. மயிலாடுதுறை சட்டப்படி நம்ம கூட்டம், ஆனால் தூரத்தை நினைத்தால் வாராந்தர லீக்குக்கு வேண்டாம்.

யாரை வேண்டாம் என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சென்னைக் கல்லூரிகளைச் சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி. இதற்கு இந்த அவையிலேயே எதிர்ப்பு இருக்கும், தெரியும். அவர்களோடு ஆடினால்தான் தரம் உயரும் என்பீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை விருந்தாளியாக அழைப்போம், மாலை போடுவோம், தோற்போம், தப்பில்லை. உறுப்பினராக்கினால் மூன்றாவது வருஷம் ஆட்டமெல்லாம் சென்னையில்தான் நடக்கும். மைதானம் அங்கே, நடுவர் அங்கே, நிருபர் அங்கே.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் விஷயம் இன்னும் சிக்கலானது. ஒரே வளாகம், ஒரே அணி, பன்னிரண்டு ஜெர்சியும் அவர்களுக்கே. விளையாட்டுக்காரருக்குக் கட்டணம் தள்ளுபடி, விடுதி, சாப்பாடு. பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். வாலிபால் அணி அகில இந்தியப் பட்டங்களை வென்ற அணி. விழுப்புரம் பக்கத்தில் உயரமாக ஒரு பையன் நன்றாக ஸ்மாஷ் அடித்தால், பிளஸ் டூ முடிப்பதற்குள் இப்படிப்பட்ட அணிகளின் கண்ணில் பட்டுவிடுவான். அமெரிக்கப் பாணி நம்ம ஊருக்கு முழுசாக வந்து சேர்ந்த இடம் இதுதான். நான் அந்தப் பையனைத் தடுக்கச் சொல்லவில்லை. போகட்டும், நன்றாக வரட்டும். ஆனால் போக முடியாதவனுக்கும், வீட்டில் அனுப்பாத பெண்ணுக்கும் என்ன வைத்திருக்கிறோம் என்பதுதான் அரசுக் கல்லூரியின் பொறுப்பு. அந்த அணிகளை உறுப்பினராகச் சேர்த்தால் நம்ம லீக் அவர்களுக்கு ஆள் பார்க்கும் சந்தையாகிவிடும்.

ஒரு ஆட்சேபம் வரும், அதை இப்போதே எடுத்துக்கொள்கிறேன். இப்படி ஒரு லீக் வைத்தால் ஃபார்ம் 3 கிடைக்குமா? கிடைக்காது. அதைப் பல்கலைக்கழகம்தான் தர முடியும், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குத்தான் தர முடியும். நம்ம லீக் காகிதத்துக்கு எந்த வேலையிலும் மதிப்பு இருக்காது. மாணவர்களிடம் இதை மறைக்கக் கூடாது. ஆனால் இன்று ஒரு அரசுக் கல்லூரி அணி வருஷத்தில் எத்தனை ஆட்டம் ஆடுகிறது? இன்டர் காலேஜ் நாக் அவுட். முதல் ஆட்டத்தில் தோற்றால் அந்த வருஷம் அவ்வளவுதான். நாற்பது நிமிஷக் கபடிக்கு ஒரு வருஷப் பயிற்சி. பன்னிரண்டு பதினைந்து ஆட்டம் ஆடிய அணி செலக்‌ஷனுக்குப் போவதற்கும், ஒரு ஆட்டம் ஆடிய அணி போவதற்கும் இருக்கும் வித்தியாசம் பி.டி. சார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபார்ம் 3 வாங்குவதற்கான தயாரிப்புதான் இந்த லீக்.

காலம் பற்றி ஒரு வார்த்தை. நம்ம விளையாட்டுக் காலண்டர் மழையைப் பார்த்துப் போட்டதாகத் தெரியவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரை வடகிழக்குப் பருவமழைக்குச் சொந்தம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியபோது, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. உங்களில் பலர் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்கள். மைதானம் என்ன ஆயிருக்கும் என்று சொல்ல வேண்டாம். ஆகவே ஜூலையில் தொடங்கி செப்டம்பர் கடைசியில் முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு நவம்பர் செமஸ்டர் தேர்வு கழுத்தில் நிற்கும். மிச்ச ஆட்டம் இருந்தால் பொங்கலுக்கு அப்புறம்.

முதல் வருஷம் எல்லா விளையாட்டும் வேண்டாம். ஆண்கள் கபடி, பெண்கள் கபடி, ஆண்கள் வாலிபால், பெண்கள் வாலிபால். ஒரு நாளில் நான்கு கல்லூரி ஒரே மைதானத்தில் கூடினால் நடுவர் செலவு பகிர்ந்துகொள்ளலாம். வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு நடத்தும் கல்லூரி பொறுப்பு, பஸ் கட்டணம் போகிற கல்லூரி பொறுப்பு. கோப்பைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், பந்துக்குச் செலவழிக்கலாம். முதல்வரிடம் அனுமதி வாங்க வேண்டும், அது ஒரு பக்கக் கடிதம். பல்கலைக்கழகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், அனுமதி கேட்க வேண்டியதில்லை. இது அவர்கள் நடத்தும் போட்டிக்குப் போட்டி இல்லை என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

விழுப்புரம், திண்டிவனம் கல்லூரி இயக்குநர்கள் இந்த அறையிலேயே இருக்கிறீர்கள். காகுப்பம், மேல்பாக்கம் பொறியியல் கல்லூரி இயக்குநர்களும் பின்வரிசையில் இருப்பதாகச் சொன்னார்கள். புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் கடிதம் எழுத ஒருவர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் டீ குடிக்கப் போகும்முன் மேடைக்குப் பக்கத்தில் வந்து நில்லுங்கள், ஜூலை மாதத்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை இன்றைக்கே பிரித்துக்கொள்ளலாம்.